கீசர் லேபிளில் 2000 வாட்; லோ வோல்டேஜில் உண்மையில் எத்தனை வாட்? (கட்டபெட்டு)

கட்டபெட்டு வாசி | காலை 6.50

வணக்கம். வீடு கோத்தகிரி பக்கம், கட்டபெட்டு. 25 லிட்டர் கீசர், லேபிளில் 230 வோல்ட், 2000 வாட்னு இருக்கு. இந்த மார்கழிக் குளிரில் தொட்டித் தண்ணி 12 டிகிரி. 50 டிகிரிக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகுது. எலிமெண்ட் வீக்காயிருச்சு, மாத்தணும்னு ஒருத்தர் சொல்றார். ஸ்டெபிலைசர் வெச்சாப் போதும்னு இன்னொருத்தர். மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர் ரெண்டும் கையில் இருக்கு. எதை எங்கே அளந்தா காரணம் தெரியும்?

ஓம் டீச்சர் | காலை 7.15

முதலில் எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.186 கிலோஜூல் வேண்டும். உங்களுக்கு 25 லிட்டர், 38 டிகிரி. 25 × 4.186 × 38 = 3,977 கிலோஜூல். கீசர் முழு 2000 வாட் கொடுத்தால் 3,977 ÷ 2 = 1,988 வினாடி, அதாவது 33 நிமிடம். உங்களுக்கு ஒரு மணி ஆகிறது என்றால் தண்ணீருக்குப் போவது 1100–1200 வாட்தான்.

லேபிளில் உள்ள 2000 வாட், 230 வோல்ட் கிடைக்கும்போது மட்டும் பொருந்துகிற எண். எலிமெண்டின் நிரந்தர குணம் அதன் மின்தடை. 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். இந்த மின்தடை மாறாமல் இருந்தால் எலிமெண்ட் நல்ல நிலையில் இருக்கிறது, குறை வேறெங்கோ.

மின்தடை = வோல்ட் ÷ ஆம்பியர்
வாட் = வோல்ட் × ஆம்பியர்

கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது, கீசரின் முனையிலேயே வோல்டேஜும் கரண்ட்டும் ஒரே நேரத்தில் எடுங்கள். காலையில் எடுத்த வோல்டேஜையும் மாலையில் எடுத்த ஆம்பியரையும் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. மலையில் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் வோல்டேஜ் இருபது முப்பது மாறும்.

கோத்தகிரி ஒயர்மேன் | காலை 7.32

டீச்சர் சொன்னதோட அளக்கிற முறையும் சேர்த்துச் சொல்லிடறேன், ஏன்னா தப்பு நடக்கிறது அங்கேதான்.

கிளாம்ப் மீட்டரை ஒத்தை ஒயர்ல மட்டும் மாட்டணும். மூணு கோர் கேபிளை அப்படியே கவ்வினா போற கரண்ட்டும் வர கரண்ட்டும் ஒண்ணையொண்ணு அழிச்சு சைபர் காட்டும். 400 ஆம்பியர் ரேஞ்ச் மீட்டர்ல 6, 7 ஆம்பியர் அளந்தா நம்ப முடியாது. மெயின் ஆஃப் பண்ணிட்டு, ஒரு முழம் நீளத்துக்குத் தனி லைன் ஒயர் போட்டு, அதை கிளாம்ப் வாய்க்குள்ள அஞ்சு சுத்து சுத்துங்க. காட்டுறதை அஞ்சால வகுங்க.

மல்டிமீட்டர்ல 10 ஆம்பியர் ஓட்டையில சிவப்பு ஒயரைச் செருகிட்டு வீட்டு லைனைத் தொடவே கூடாது. அந்த ஓட்டைக்குள்ள கிட்டத்தட்ட ஒரு கம்பித் துண்டுதான் இருக்கு. லைனுக்கும் நியூட்ரலுக்கும் வெச்சா நேரடி ஷார்ட், மீட்டர் கையிலேயே வெடிக்கும். கரண்ட்டுக்கு கிளாம்ப், வோல்டேஜுக்கு மல்டிமீட்டர். பாத்ரூம் தரை ஈரமா இருந்தா வேலையே வேணாம். லைசென்ஸ் உள்ள ஆளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் செய்ங்க.

எடுக்க வேண்டியது: கீசர் ஆஃப்ல இருக்கும்போது மீட்டர் கிட்ட வோல்டேஜ். கீசர் ஆன் பண்ணி மீட்டர் கிட்ட வோல்டேஜ். ஆன்லயே கீசர் முனையில வோல்டேஜ், கரண்ட். நாலு எண் போதும்.

கட்டபெட்டு வாசி | காலை 8.40

ஒயர்மேன் ஒருத்தரை வெச்சு எடுத்தாச்சு.

கீசர் ஆஃப்: மீட்டரில் 212 வோல்ட்
கீசர் ஆன்: மீட்டரில் 196
கீசர் முனையில்: 178
கரண்ட்: கிளாம்பில் ஐந்து சுற்றுக்கு 33.5, அதாவது 6.7 ஆம்பியர்

ஓம் டீச்சர் | காலை 8.58

அருமையான அளவுகள். எலிமெண்ட்: 178 ÷ 6.7 = 26.57 ஓம். கணக்கில் வர வேண்டியது 26.45. எலிமெண்டில் குறை ஒன்றும் இல்லை. வீட்டு ஹீட்டர்களுக்கு லேபிள் வாட்டில் 5 சதவீதம் கூடவோ 10 சதவீதம் குறையவோ தரவிதி இடம் தருகிறது. 2000 வாட் கீசரில் 25.2 முதல் 29.4 ஓம் வரை எது வந்தாலும் சரிதான். 240 வோல்ட் என்று லேபிள் போட்டிருந்தால் 28.8 ஓம் வரும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாட்: 178 × 6.7 = 1,193. லேபிளில் இருப்பதில் 60 சதவீதம். வோல்டேஜ் 23 சதவீதம் குறைந்ததற்கு வாட் 40 சதவீதம் குறைந்திருக்கிறது. வோல்டேஜ் குறையும்போது கரண்ட்டும் கூடவே குறைகிறது. இரண்டையும் பெருக்குவதால் விளைவு வர்க்கத்தில் வருகிறது. 3,977 கிலோஜூலை 1.193-ஆல் வகுத்தால் 3,334 வினாடி, 56 நிமிடம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு இதுவே கணக்கு.

இனி விட்டுப்போன வோல்ட்டுகளைத் தேடலாம். 212-லிருந்து 196 வரை 16 வோல்ட், மீட்டருக்கு வெளியே: டிரான்ஸ்பார்மர், தெரு லைன், சர்வீஸ் ஒயர். 16 ÷ 6.7 = 2.39 ஓம். 196-லிருந்து 178 வரை 18 வோல்ட், உங்கள் வீட்டுக்குள். 18 ÷ 6.7 = 2.69 ஓம். எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது எண்தான். மீட்டரிலிருந்து பாத்ரூமுக்கு எத்தனை மீட்டர், என்ன ஒயர்?

கட்டபெட்டு வாசி | காலை 9.10

பழைய வீட்டுக்குப் பின்னால் கட்டிய பாத்ரூம். ஒயர் சுமார் 40 மீட்டர், ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர். பாதி தூரம் வெளிச்சுவரில் பைப்பில் போகுது.

கோத்தகிரி ஒயர்மேன் | காலை 9.21

ஒன்றரை ஸ்கொயர் காப்பர் கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக 40, வர 40, மொத்தம் 80 மீட்டர். 0.08 × 12.1 = 0.97 ஓம். 6.7 ஆம்பியருக்கு 6.5 வோல்ட் விழணும். உங்க வீட்டுல விழுறது 18. மீதி 11.5 வோல்ட் எங்கேயோ ஒரு இணைப்புல உட்கார்ந்திருக்கு.

அதை வாட்டுல பாருங்க. 11.5 × 6.7 = 77 வாட். சால்டரிங் அயர்ன் 25 வாட். மூணு அயர்ன் சூடு, சுண்டுவிரல் நகம் அளவு இடத்துல. கீசரை இப்போதைக்குப் போடாதீங்க.

மத்த ஒயர் சைஸும் தெரிஞ்சு வெச்சுக்குங்க, காப்பர், கிலோமீட்டருக்கு: 1 ஸ்கொயர் 18.1 ஓம், இரண்டரை 7.41, நாலு 4.95, ஆறு 3.30, பத்து 1.91. தூரத்தை இரட்டிக்க மறந்துடாதீங்க. நியூட்ரல்லயும் அதே கரண்ட்தான் ஓடுது.

ஊட்டி லாட்ஜ் | காலை 9.45

குறுக்கே கேட்கிறேன். எம்.சி.பி. (ஓவர்லோடு வந்தா தானா விழுற சுவிட்ச்) ஏன் ட்ரிப் ஆகலை? ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா விழுறது) கூட இருக்குமே?

கோத்தகிரி ஒயர்மேன் | காலை 9.58

எம்.சி.பி. பார்க்கிறது கரண்ட் கூடுதா என்பதை. லூஸ் கனெக்‌ஷன் வந்தா கரண்ட் குறையும். 230 வோல்ட்ல 8.7 ஆம்பியர் இழுக்க வேண்டிய கீசர் இங்கே 6.7 இழுக்குது, எம்.சி.பி.க்கு அது ரொம்ப லேசான லோடு. ஆர்.சி.சி.பி. லைன்ல போனது நியூட்ரல்ல திரும்பி வருதான்னு மட்டும் பார்க்கும். இங்கே முழுசும் திரும்பி வந்துடுது. ரெண்டுக்கும் இது கண்ணில் படாது. வீடு எரியற வரைக்கும் எந்த சுவிட்சும் விழாம ஓடக்கூடிய கோளாறு இது. வோல்ட் மீட்டர்தான் காட்டிக் கொடுக்கும்.

சூடானா செம்பு கருக்கும், கருப்புப் படலம் தடையைக் கூட்டும், தடை கூடினா சூடு கூடும். ஆறும்போது சுருங்கும், திருகு இன்னும் தளரும். மலையில மேகம் வேற பைப்புக்குள்ள ஈரத்தைக் கொண்டு வந்து சேர்க்கும்.

கட்டபெட்டு வாசி | காலை 10.05

சரி, கீசரை நிறுத்தியாச்சு. அந்த இணைப்பு எங்கேன்னு சுவரை உடைக்காமக் கண்டுபிடிக்க வழி இருக்கா? ஸ்டெபிலைசர் விஷயமும் சொல்லுங்க, கடையில் எடுத்து வெச்சிருக்காங்க.

ஓம் டீச்சர் | காலை 10.40

ஸ்டெபிலைசரை முதலில் முடித்துவிடுகிறேன். தயவுசெய்து வாங்காதீர்கள்.

உங்கள் மொத்தப் பாதையின் மின்தடை (212 − 178) ÷ 6.7 = 5.07 ஓம். ஸ்டெபிலைசர் கீசருக்கு 230 வோல்ட் கொடுத்தால் கீசர் 2000 வாட் எடுக்கும்; ஸ்டெபிலைசரின் சொந்த இழப்பையும் சேர்த்து 2100 என்று வையுங்கள். அந்த 2100 வாட்டை 212 வோல்ட்டிலிருந்து 5.07 ஓம் வழியாக இழுக்க வேண்டும். கணக்கைத் தீர்த்தால் கரண்ட் 16.1 ஆம்பியர். பாதையில் மட்டும் 16.1 × 5.07 = 82 வோல்ட் விழும். ஸ்டெபிலைசருக்குள் நுழையும் வோல்டேஜ் 130. ஒயர்களிலும் இணைப்புகளிலும் சூடாகப் போவது 82 × 16.1, அதாவது 1,300 வாட்டுக்கு மேல். அந்த மோசமான இணைப்பில் மட்டும் 77 வாட் இருந்த இடத்தில் 440 வாட்.

இன்னொரு விளிம்பும் இருக்கிறது. இந்தப் பாதையில் எதைச் செய்தாலும் 212 × 212 ÷ (4 × 5.07) = 2,216 வாட்டுக்கு மேல் வெளியே எடுக்கவே முடியாது. உங்கள் 2100 அதன் வாசலில் நிற்கிறது. காலையில் இன்னும் பத்து வோல்ட் குறைந்தால் ஸ்டெபிலைசர் ரிலே விடாமல் டக்டக்கென்று மாறி மாறி அடித்துக் கடைசியில் கட் ஆகும். பிரிட்ஜுக்கும் டிவிக்கும் ஸ்டெபிலைசர் சரி, அவை எடுப்பது சொற்ப ஆம்பியர். ஹீட்டருக்குக் கூடாது.

இப்போது தேடும் வழி. எர்த் ஒயரில் கரண்ட் ஓடுவதில்லை. கரண்ட் இல்லாத ஒயரில் வோல்டேஜ் விழாது. ஆகவே எர்த் ஒயர் மீட்டர் போர்டிலிருந்து பாத்ரூம் வரை நீண்ட அளவுக் கம்பியாக உங்களுக்கு ஏற்கனவே போட்டுக் கிடக்கிறது. அளக்கும் இரண்டு நிமிடத்துக்கு மட்டும் கீசரை ஓடவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் உள்ள வோல்டேஜை முதலில் மெயின் போர்டில் பாருங்கள், பிறகு கீசர் முனையில். இரண்டின் வித்தியாசம் நியூட்ரல் ஒயரில் மட்டும் விழுவது. 18-லிருந்து அதைக் கழித்தால் லைன் ஒயரில் விழுவது. நல்ல ஒயர் என்றால் பக்கத்துக்கு 3.2 வோல்ட்தான் வர வேண்டும். எந்தப் பக்கம் எகிறுகிறதோ அந்தப் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸ்களை மட்டும் திறந்தால் போதும்.

எர்த் ஒயர் நடுவில் அறுந்திருந்தால் இந்த முறை பொய் சொல்லும். அதனால் கீசர் முனையில் லைனுக்கும் எர்த்துக்கும் வோல்டேஜ் முறையாக வருகிறதா என்று முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

கட்டபெட்டு வாசி | பகல் 12.20

லைன்–எர்த் சரியா வருது. நியூட்ரல்–எர்த்: மெயின் போர்டில் 7.5, கீசர் முனையில் 22. வித்தியாசம் 14.5 வோல்ட். அப்போ லைன் பக்கம் 3.5 தான்!

கோத்தகிரி ஒயர்மேன் | பகல் 12.31

நியூட்ரல்தான். 14.5-ல நல்ல ஒயருக்கு 3.2 போக 11.3 வோல்ட். வெளிச்சுவர்ல பைப்பு திரும்புற இடத்துல பாக்ஸ் இருக்கும், மெயினை இறக்கிட்டு அதைத் திறங்க. டெஸ்டர் வெச்சு ரெண்டு ஒயரும் செத்திருக்கான்னு பார்த்த பிறகு கை வைங்க.

முறுக்கி டேப் சுத்தின இணைப்பா இருக்கும். டேப் உருகி ஒயர்ல ஒட்டியிருந்தா அந்த இடம்தான். செய்ய வேண்டியது: கருத்த செம்பைத் தேய்க்க வேணாம், வெட்டி எறிங்க. பளபளன்னு செம்பு வரவரைக்கும் பின்னால வெட்டுங்க. இன்சுலேஷன் கெட்டியாகி முறுமுறுன்னு ஆகியிருந்தா அதையும் சேர்த்து. ஒயர் எட்டலைன்னா இடையில ஒரு முழம் புது ஒயர், இரண்டு முனையும் கிரிம்ப் ஸ்லீவ் (ஒயரை உள்ளே விட்டு அழுத்துற உலோகக் குழாய்) போட்டு கிரிம்பிங் டூலால அழுத்துங்க. இடுக்கியில நசுக்கறது கிரிம்ப் ஆகாது. திருகு கனெக்டர்னா 32 ஆம்பியர் பீங்கான். திருகுக்குள்ள போற பல இழை ஒயர்ல ஈயம் வைக்காதீங்க. ஈயம் அழுத்தத்துல மெல்ல நகர்ந்து கொடுக்கும், ரெண்டு மாசத்துல திருகு திரும்பவும் லூஸ்.

பாக்ஸுக்குள்ள ஒயர் அடியிலிருந்து ஏறி வரணும். மேலேருந்து இறங்கினா தண்ணி ஒயரைப் பிடிச்சுக்கிட்டே உள்ளே வந்துடும்.

குன்னூர் மோட்டார் | பகல் 1.15

நடுவில் ஒரு எச்சரிக்கை. இந்த இழையைப் படிக்கிறவர்கள் வோல்ட் ÷ ஆம்பியர் கணக்கை மோட்டாருக்கும் போட்டுவிடக் கூடாது. ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் சுற்றை ஓம் மீட்டரில் அளந்தால் 3 ஓம் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 ÷ 3 = 77 ஆம்பியர். ஓடும்போது எடுப்பதோ ஆறு ஆம்பியர். சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே எதிர் வோல்டேஜ் உண்டாக்குகிறது, அதோடு சுற்றின் தூண்டலும் தடுக்கிறது. ஓம் மீட்டர் காட்டுவது செம்பை மட்டும்.

வாட்டும் அப்படியே. 746 வாட் வெளியே தர, 70 சதவீதத் திறனில் 1,066 வாட் உள்ளே போக வேண்டும். பவர் ஃபேக்டர் (வோல்ட் × ஆம்பியரில் உண்மையான வாட்டின் பங்கு) 0.75 என்றால் 1,066 ÷ (230 × 0.75) = 6.2 ஆம்பியர். 230 × 6.2 என்று பெருக்கினால் 1,426 வரும். அது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் போன்றவற்றுக்குத்தான் நேரடிப் பெருக்கல் சரி.

லோ வோல்டேஜில் நடப்பதும் தலைகீழ். ஹீட்டர் குறைவாக இழுக்கும், அவ்வளவுதான். மோட்டாரோ அதே சுமையைத் தள்ளுவதற்கு ஆம்பியரைக் கூட்டும், சுற்று கருகும். 178 வோல்ட்டில் கீசருக்குத் தாமதம், கிணற்று மோட்டாருக்கு ஆபத்து.

ஊட்டி லாட்ஜ் | பகல் 1.40

100 வாட் குண்டு பல்பை அளந்தால் 38 ஓம் காட்டுதே? 230 × 230 ÷ 38 போட்டா 1,392 வாட்!

ஓம் டீச்சர் | பகல் 1.52

குளிர்ந்த இழையை அளந்திருக்கிறீர்கள். எரியும்போது டங்ஸ்டன் 2,500 டிகிரி வாக்கில் இருக்கும், அப்போது மின்தடை 529 ஓம். பதினான்கு மடங்கு. கீசர் எலிமெண்டில் இருப்பது நிக்ரோம்; சூட்டில் சில சதவீதமே மாறும், தண்ணீருக்குள் அதுகூட இல்லை. அதனால் கீசரை ஆஃப் செய்து ஓம் மீட்டரிலும் சோதிக்கலாம். இரண்டு ஒயரையும் கழற்றிய பிறகு, மீட்டரின் ஒயர் தடையைக் கழித்து.

ஊட்டி லாட்ஜ் | பகல் 2.05

கிளாம்ப் மீட்டர் இல்லாதவங்க வாட் தெரிஞ்சுக்க வழி?

ஓம் டீச்சர் | பகல் 2.30

இரண்டு வழி உண்டு. மின்வாரிய டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வையுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு சிமிட்டலில் ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கி, அதற்கு அடுத்து வரும் பத்தாவது சிமிட்டலில் நிறுத்துங்கள். தொடங்கிய சிமிட்டல் பூஜ்ஜியம், ஒன்று அல்ல. பிறகு 36,000,000 ÷ (3200 × வினாடி) = வாட். கட்டபெட்டு வீட்டில் பத்துச் சிமிட்டலுக்கு 8.6 வினாடி வர வேண்டும், அதாவது சுமார் 1,310 வாட். மீட்டரிடத்தில் 196 × 6.7 = 1,313 அல்லவா, அதே எண். கீசருக்குப் போய்ச் சேர்வது 1,193. மீதி 120 வாட் வீட்டு ஒயருக்குள் எரிவது, அதற்கும் சேர்த்துத்தான் பில்.

இன்னொரு வழி கெட்டில். ஒரு லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோக 209 கிலோஜூல். நான்கு நிமிடம் எடுத்தால் 209,300 ÷ 240 = 872 வாட். கெட்டில் லேபிளில் 1500 என்றிருந்தால், 872 ÷ 1500-இன் வர்க்கமூலம் 0.76, அதை 230-ஆல் பெருக்க 175 வோல்ட். வெளியே போகும் சூட்டினால் இது உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். கொதிக்கும் வரை வைக்காதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், 100 என்று எண்ணிப் போட்ட கணக்கு தப்பும்.

கட்டபெட்டு வாசி | மாலை 4.10

கிடைச்சிருச்சு. வெளிச்சுவர் பாக்ஸ்ல நியூட்ரல் முறுக்கு, டேப் கருகி உருகி பாக்ஸ் அடியிலேயே ஒட்டியிருந்தது. ஒரு சாண் வெட்டி, கிரிம்ப் போட்டாச்சு. இப்போ: ஆஃப்ல 213, ஆன்ல கீசர் முனையில் 189, கரண்ட் 7.1.

ஓம் டீச்சர் | மாலை 4.22

189 ÷ 7.1 = 26.6 ஓம். எலிமெண்ட் அப்படியே இருக்கிறது. 189 × 7.1 = 1,342 வாட். நேரம் 49 நிமிடம். பாதையின் தடை (213 − 189) ÷ 7.1 = 3.38 ஓம், முன்பு 5.07. போனது 1.69 ஓம். கணக்கிலிருந்து எதிர்பார்த்தது 11.3 ÷ 6.7 = 1.69. வேறு மோசமான இணைப்பு வீட்டுக்குள் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கட்டபெட்டு வாசி | மாலை 4.35

ரொம்ப நன்றி டீச்சர், ஒயர்மேன் அண்ணா. ஒயரை நாலு ஸ்கொயர் மாத்திட்டா 33 நிமிடத்துக்கு வருமா? இல்லை 3000 வாட் எலிமெண்ட் போடலாமா?

கோத்தகிரி ஒயர்மேன் | மாலை 5.05

வராது. நாலு ஸ்கொயர் போட்டா 0.97 ஓம் இருந்த இடத்துல 0.40. கீசருக்கு 50 வாட் கூடும், ரெண்டு நிமிஷம் மிச்சம். நேரத்துக்காக மாத்துறது வீண். ஆனா பவர் லைனுக்கு ஒன்றரை ஸ்கொயர் போதாது, குறைஞ்சது இரண்டரை. பத்திரத்துக்காக மாத்துங்க, மாத்தும்போது வெளிச்சுவர்ல ஒரு இணைப்பும் இல்லாம ஒரே இழுப்பா போடுங்க. அதுவரைக்கும் அந்த லைனுக்கு 10 ஆம்பியர் எம்.சி.பி. வைங்க, 16 வேணாம்.

3000 வாட் எலிமெண்ட் 17.6 ஓம். இப்போ இருக்கிற பாதையில 213 ÷ (17.6 + 3.38) = 10.15 ஆம்பியர், 1,813 வாட் கிடைக்கும். நேரம் 37 நிமிஷத்துக்கு வரும்தான். ஆனா ஒன்றரை ஸ்கொயர்ல அது ஆகாது. கீசரோட உள் ஒயர், தெர்மோஸ்டாட், கட்டவுட் (சூடு மிஞ்சினா நிறுத்துறது) எல்லாம் 2000-க்குச் செஞ்சது. நள்ளிரவுல வோல்டேஜ் 230 ஏறினா 13 ஆம்பியர் அதுங்க வழியா ஓடும். எலிமெண்டை மட்டும் பெருசாக்கற வேலையை யாருக்கும் செஞ்சு கொடுக்க மாட்டேன்.

இருபது நிமிஷம் முன்னாடி சுவிட்ச் போடுங்க. இல்லேன்னா ராத்திரி பதினொண்ணுக்கு மேல சூடாக்கி வெச்சுக்கலாம், நல்ல கீசர்ல காலை வரை சூடு பெருமளவு நிக்கும்.

குன்னூர் மோட்டார் | மாலை 5.30

நியூட்ரல் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். கட்டபெட்டு வீடு சிங்கிள் பேஸ் என்று நினைக்கிறேன். நியூட்ரல் முழுசாக விட்டுப்போனால் கீசர் நின்றுவிடும், அவ்வளவுதான். அப்போதும் கீசருக்குள் ஒயர் முழுக்க உயிரோடு இருக்கும், தொடக் கூடாது. மூன்று பேஸ் எடுத்திருக்கும் லாட்ஜ்களில் மெயின் நியூட்ரல் விட்டால் கதை வேறு. ஒரு பேஸில் 2000 வாட் கீசர், இன்னொரு பேஸில் ஒரு 60 வாட் பல்பு மட்டும் எரிகிறது என்று வையுங்கள். நியூட்ரல் போனதும் இரண்டும் தொடராக 415 வோல்ட்டுக்குக் குறுக்கே வந்துவிடும். கீசர் 26.45 ஓம், பல்பு 882 ஓம். பல்புக்கு 415 × 882 ÷ 908 = 403 வோல்ட். பல்பு இருந்த இடத்தில் டிவி இருந்தால் டிவிக்கு. குறைந்த வாட் உள்ளது அதிக வோல்டேஜை வாங்கும். ஊட்டி லாட்ஜ்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை மெயின் நியூட்ரல் திருகை முறுக்கிப் பார்க்க வையுங்கள்.

பூம்பாறை தோட்டம் | இரவு 7.15

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையிலிருந்து. பூண்டுத் தோட்டத்துக்கு 12 வோல்ட் சோலார் பம்ப், 120 வாட். பேட்டரியிலிருந்து பம்ப் 30 மீட்டர், இரண்டரை ஸ்கொயர் காப்பர்தான் போட்டிருக்கு. பம்ப் முக்குது, தண்ணி ஏறலை. இந்தக் கணக்கு இங்கேயும் ஓடுமா?

ஓம் டீச்சர் | இரவு 7.40

இங்கே இன்னும் கடுமையாக ஓடும். 120 ÷ 12 = 10 ஆம்பியர். போக வர 60 மீட்டர், 0.06 × 7.41 = 0.44 ஓம். 10 ஆம்பியருக்கு 4.4 வோல்ட். 12-இல் 4.4 போனால் பம்புக்கு 7.6 வோல்ட். அதே ஒயர், அதே 10 ஆம்பியர், 230 வோல்ட் லைனில் இருந்திருந்தால் இழப்பு இரண்டு சதவீதம்கூட இல்லை. பத்து ஸ்கொயர் போட்டால் 0.115 ஓம், 1.15 வோல்ட் இழப்பு, ஓடும். பேட்டரியைப் பம்ப் பக்கம் கொண்டுபோய், சோலார் பேனலிலிருந்து வரும் ஒயரை நீளமாக்குவது அதைவிட மலிவு. சார்ஜ் கன்ட்ரோலர் பேட்டரி பக்கத்தில் இருக்கட்டும். பேனல் வோல்டேஜ் அதிகம் என்பதால் அந்த ஒயரில் ஆம்பியர் குறைவு. 24 வோல்ட் பம்ப் மாற்ற முடிந்தால் அதே இரண்டரை ஸ்கொயரில் 5 ஆம்பியர், 2.2 வோல்ட் இழப்பு, 24-இல் 9 சதவீதம்.

வோல்டேஜை இரட்டித்தால் ஒயரில் எரியும் வாட் கால்வாசி ஆகிறது. 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து மலை மின்சாரம் உயரழுத்த லைனில் கீழே இறங்குவதற்கு இந்த வர்க்கம்தான் காரணம்.

கட்டபெட்டு வாசி | இரவு 8.05

மீட்டருக்கு வெளியே இருக்கிற 2.39 ஓமுக்கு நான் என்ன செய்யலாம்?

கோத்தகிரி ஒயர்மேன் | இரவு 8.30

தெருவுல போற அலுமினிய லைன் சின்ன சைஸ்னா கிலோமீட்டருக்கு 1.4 ஓம் வரும், போக வர 2.8. உங்க 2.39 ஓம்னா டிரான்ஸ்பார்மர் முக்கால் கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கணும். அவ்வளவு தூரம் இல்லேன்னா, கம்பத்துல சர்வீஸ் ஒயர் சேருற இடத்துலயும் ஒரு லூஸ் இருக்கு. செம்பும் அலுமினியமும் நேரா முறுக்கியிருந்தா பனி ஈரத்துல வெள்ளையா பூத்துப்போகும். பைமெட்டாலிக் லக் (செம்பையும் அலுமினியத்தையும் சேர்க்கிற இணைப்பு) போட்டாத்தான் நிக்கும். கம்பத்துல நாம கை வைக்கக் கூடாது, மின்வாரிய ஆள்தான் ஏறணும்.

பிரிவு அலுவலகத்துல மனு கொடுக்கும்போது "லோ வோல்டேஜ்"னு மட்டும் எழுதாதீங்க. சர்வீஸ் நம்பர், கம்ப நம்பர், டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரம் அடி வெச்சு அளந்தது. அதோட மூணு நேரத்துக்கு, காலை 6.30, பகல் 2, இரவு 11, மீட்டர் கிட்ட கீசர் ஆஃப்ல வோல்டேஜ், ஆன்ல வோல்டேஜ், ஆம்பியர். ஆஃப்லயே காலையில 200-க்குக் கீழே, ராத்திரி 225-ன்னு வந்தா, அது ஊருக்கே உள்ள லோடு, டிரான்ஸ்பார்மர் கூட்டணும். ஆஃப்ல மூணு நேரமும் ஒரே மாதிரி இருந்து, ஆன் பண்ணினா உங்க வீட்டுக்கு மட்டும் 16 வோல்ட் விழுந்தா, அது உங்க சர்வீஸ் ஒயர்; ஒரு ஆள் ஒரு மணி நேர வேலை. பக்கத்து வீட்டுலயும் அதே நேரத்துல ஒரு தடவை அளந்து, அந்த எண்ணையும் மனுவுல சேர்த்துடுங்க.

கட்டபெட்டு வாசி | இரவு 8.42

பக்கத்து வீட்டில் 1500 வாட் ராடு ஹீட்டர் இருக்கு. அதை வெச்சு அளக்கலாமா?

கோத்தகிரி ஒயர்மேன் | இரவு 8.50

தாராளமா. 35 ஓம் இருக்கும், ஆறு ஆம்பியர் கிட்ட இழுக்கும். ராடை பக்கெட் தண்ணியில முழுசா முக்கின பிறகுதான் சுவிட்ச், எடுக்கறதுக்கு முன்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணி பிளக்கையும் பிடுங்கிடுங்க. ரெண்டு வீட்டு மீட்டர்லயும் வோல்ட் விழுந்ததை ஆம்பியரால வகுத்து வர ஓமை மட்டும் ஒப்பிடுங்க, ஹீட்டர் வாட் வேற வேறயா இருந்தாலும் பரவாயில்லை.